ஜோஷ் கிப்சனின் .372: கறுப்பினப் பேஸ்பால் அணிகள் எழுந்ததும் மறைந்ததும்

2024 மே மாதக் கடைசியில் அமெரிக்க பேஸ்பாலின் அதிகாரபூர்வ சாதனைப் பட்டியலில் முதல் பெயர் மாறியது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் கிட்டத்தட்ட நூறு வருடமாக மேலே இருந்த டை காப் .367 உடன் இரண்டாம் இடத்துக்கு வந்தார், .372 உடன் ஜோஷ் கிப்சன் முதலிடத்தில் ஏறினார். (கிரிக்கெட் சராசரியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆயிரம் முறை ஆடினால் 372 முறை பந்தை அடித்துப் பத்திரமாக பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் .372.) ஒரே சீசனில் மிக உயர்ந்த சராசரி என்ற சாதனையும் அவருக்கே போனது. 1894ல் ஹியூ டஃபி வைத்த .440ஐ கிப்சன் 1943ல் .466 ஆகத் தாண்டியிருந்தார் என்று பதிவானது.

இதில் விசேஷம் என்னவென்றால், கிப்சன் நாம் மேஜர் லீக் என்று சொல்லும், அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான அந்த லீக்கில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. ஆட விடவில்லை, கறுப்பர் என்பதால். 1947 ஜனவரி 20ல், 35 வயதில், அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை, ஏப்ரல் 15ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர், மேஜர் லீக் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸின் சட்டையைப் போட்டுக்கொண்டு களம் இறங்கினார்.

இந்தக் கதையை வழக்கமாக எல்லோரும் ராபின்சனில் தொடங்கி ராபின்சனிலேயே முடித்துவிடுகிறார்கள். பூட்டியிருந்த கதவு திறந்தது, நல்லவர் ஒருவர் சாவி கொடுத்தார், துணிச்சலான ஒருவர் உள்ளே போனார் என்கிற மாதிரி. அதில் பொய் இல்லை. ஆனால் கதவுக்கு வெளியே அறுபது வருடமாக என்ன இருந்தது என்ற கேள்வியை அது கேட்பதே இல்லை. வெளியே வெறுமனே காத்திருந்தவர்கள் யாரும் இல்லை. அங்கே அணிகள் இருந்தன, முதலாளிகள் இருந்தார்கள், மைதானங்கள், மேனேஜர்கள், அம்பயர்கள், பத்திரிகை நிருபர்கள், பஸ் ஓட்டுநர்கள், அரை லட்சம் பேர் வந்து பார்த்த ஆட்டங்கள், எல்லாம் இருந்தன. கதவு திறந்தபோது ஆட்டக்காரர்களில் சிலரை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டார்கள், மற்றதெல்லாம் அழிந்தது. எனக்கு இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில், அந்தக் கதவு எப்படிப் பூட்டப்பட்டது என்று பார்த்துவிடலாம்.

உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டே வருடம். 1867ல் ஃபிலடெல்ஃபியாவில் பித்தியன் என்ற கறுப்பின அணி இருந்தது. அதை நடத்தியவர் ஆக்டேவியஸ் காட்டோ, பள்ளி ஆசிரியர், வாக்குரிமைக்காகவும் டிராம் வண்டிகளில் சம உரிமைக்காகவும் போராடியவர். அந்த அணி மாநிலச் சங்கத்தில் சேர விண்ணப்பித்தபோது, வாக்கெடுப்புக்கு விட்டால் தோற்கும் என்று தெரிந்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதே வருடம் டிசம்பரில் தேசிய சங்கமே, கறுப்பர் ஒருவர் இருந்தாலும் அந்த அணியைச் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. காட்டோவை 1871 தேர்தல் நாளில் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். கறுப்பர்கள் வாக்களிக்க வந்த தேர்தல் அது.

ஆனாலும் பூட்டு முழுதாக விழவில்லை. அந்தச் சங்கம் கொஞ்ச நாளில் கலைந்துபோனது, தொழில்முறை லீக்குகள் வந்தன, அவற்றில் அங்கொருவர் இங்கொருவராகக் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். 1884ல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலீடோ அணிக்காக, அன்று மேஜர் லீக் அந்தஸ்தில் இருந்த அமெரிக்கன் அசோசியேஷனில் 42 ஆட்டங்கள் ஆடினார். அவர் கேட்சர். கேட்சர் என்றால் பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவர், எந்தப் பந்து போட வேண்டும் என்று பிட்சருக்கு, அதாவது பந்து வீசுபவருக்கு, சைகை காட்டுபவரும் அவர்தான். அவருடைய சொந்த அணிப் பிட்சர் டோனி மல்லேன், வாக்கரைப் போல நல்ல கேட்சர் தனக்குக் கிடைத்ததில்லை என்று பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார், கூடவே அவர் கறுப்பர் என்பதால் அவர் காட்டிய சைகைகளை மதிக்காமல் தன் இஷ்டத்துக்கு வீசியதாகவும் சொன்னார். அந்தக் காலத்தில் கேட்சர்களுக்கு இன்றைய மாதிரி தடித்த கையுறை கிடையாது. என்ன பந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு மனிதர் சீசன் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார். ரிச்மண்டில் ஆட வந்தால் 75 பேர் திரண்டு தாக்குவோம் என்று மிரட்டல் கடிதமும் வந்தது.

1887 ஜூலை 14தான் முக்கியமான நாள். அன்று நியூவர்க்கில் நடக்கவிருந்த ஆட்டத்தில், கறுப்பினப் பிட்சர் ஜார்ஜ் ஸ்டோவி ஆடினால் தன் அணி இறங்காது என்று சிகாகோவின் கேப் ஆன்சன் பிடிவாதம் பிடித்ததாகப் பதிவு. அன்றைய பெரிய நட்சத்திரம் ஆன்சன், அவர் சொல்லுக்கு எடை இருந்தது. ஸ்டோவி ஆடவில்லை. அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் நிர்வாகிகள் கூடி, இனிமேல் கறுப்பின ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்களை ஏற்பதில்லை என்று 6க்கு 4 என்ற கணக்கில் தீர்மானித்தார்கள். மற்ற லீக்குகள் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. 'பிரித்து வைத்தாலும் சமம்தான்' என்ற வாதத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்தது 1896ல். பேஸ்பால் அதை ஒன்பது வருடம் முந்திக்கொண்டது.

இதற்குப் பிறகு இந்தத் தடை சட்டப் புத்தகம் எதிலும் எழுதப்படவில்லை. கனவான்களுக்குள் ஒரு பேச்சு, அவ்வளவுதான். அதனால்தான் 1942ல், பேஸ்பாலின் தலைமை கமிஷனராக இருந்த நீதிபதி கெனசா மவுன்டன் லேண்டிஸ், கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று அறிக்கை விட முடிந்தது. 1920ன் இறுதியில் பதவிக்கு வந்து 1944ல் இறக்கும்வரை இருந்தார் அவர். அந்தக் காலம் முழுக்க ஒரு கறுப்பரும் ஆடவில்லை. எழுதி வைத்த விதி என்றால் வழக்குப் போடலாம், திருத்தச் சொல்லலாம். எழுதாத விதியை எங்கே போய் எதிர்ப்பது?

சரி, வெளியே தள்ளப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்?

ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். 1885ல் நியூயார்க் பக்கம் பாபிலன் என்ற கடலோர ஊரில் இருந்த ஆர்கைல் ஹோட்டலில் ஒரு கறுப்பின அணி உருவானது, கியூபன் ஜயன்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கியூபாக்காரர் ஒருவரும் அதில் கிடையாது. வெள்ளைக்காரப் பார்வையாளர்களுக்கு 'கியூபன்' என்ற சொல் 'கறுப்பர்' என்பதைவிடக் கொஞ்சம் எளிதில் விழுங்க முடிந்தது, அதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. இப்படிப் பல அணிகள் வந்தன. ஊர் ஊராகப் போய், கிடைத்த அணியோடு ஆடி, கிடைத்த வசூலில் பங்கு வாங்கிப் பிழைப்பு நடத்தின.

பிரச்சினை அங்கேதான். மைதானம் வெள்ளைக்காரருடையது. ஆட்டங்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் ஏஜென்டும் வெள்ளைக்காரர். எந்த ஊரில் எந்த நாளில் யாரோடு ஆடுவது, டிக்கெட் வசூலில் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அவர்கள் கையில். கறுப்பின அணி எவ்வளவு கூட்டம் சேர்த்தாலும் அதில் பெரிய பங்கு வெளியே போனது. இதை முழுசாகப் புரிந்துகொண்ட மனிதர் ரூப் ஃபாஸ்டர்.

ஃபாஸ்டர் டெக்சாஸின் கால்வர்ட் ஊரில் 1879ல் பிறந்தவர், ஆஜானுபாகு, தன் காலத்தின் மிகச் சிறந்த பிட்சர்களில் ஒருவர். 1911ல் சிகாகோ அமெரிக்கன் ஜயன்ட்ஸ் அணியைத் தொடங்கி அவரே நடத்தினார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வேலை தேடி சிகாகோ, டெட்ராய்ட், பிட்ஸ்பர்க் என்று வடக்கே வந்துகொண்டிருந்த காலம் அது. ஆலையில் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, கையில் டிக்கெட்டுக்குக் காசு. அந்தக் கூட்டம் ஒரு லீக்கையே தாங்கும் என்று அவர் கணக்குப் போட்டார். 1919 கோடையில் சிகாகோவில் பெரிய இனக் கலவரம் வெடித்து 38 பேர் செத்தார்கள். அடுத்த பிப்ரவரியில், 1920ல், கேன்சஸ் சிட்டியின் பசியோ ஒய்.எம்.சி.ஏ. கட்டிடத்தில் அணி முதலாளிகளைக் கூட்டி உட்கார வைத்து நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கிவிட்டார் ஃபாஸ்டர். எட்டு அணிகள். (நீக்ரோ என்ற சொல் அன்று மரியாதையான சொல்லாகவே அவர்களாலேயே பயன்படுத்தப்பட்டது. இன்று அப்படி யாரையும் அழைக்கக் கூடாது, லீக்கின் பெயராக மட்டும் நிற்கிறது.) 'நாமே கப்பல், மற்றதெல்லாம் கடல்' என்பது லீக்கின் முழக்கம்.

லீக் நடத்துவது என்றால் அட்டவணை போடுவது மட்டும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரே அணி எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தால் மற்ற ஊர்களில் டிக்கெட் விற்காது. அதனால் தன் அணியில் இருந்த ஆஸ்கர் சார்ல்ஸ்டனை, அன்றைய மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலர் சொல்லும் ஒருவரை, இண்டியானாபொலிஸ் ஏ.பி.சி. அணிக்கு விட்டுக்கொடுத்தார். சம்பளம் கொடுக்க முடியாமல் திணறிய அணிகளுக்குக் கடன் கொடுத்தார். கூடவே எல்லா ஆட்ட வசூலிலும் தனக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டார், அட்டவணையைத் தன் அணிக்குச் சாதகமாகப் போடுகிறார் என்ற புகாரும் இருந்தது. எல்லாமே ஒரே ஆள் தலையில். 1926ல் மனநிலை முறிந்து கங்காகி மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், 1930 டிசம்பரில் அங்கேயே இறந்தார். லீக்கும் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் 1931ஓடு நின்றுபோனது.

முப்பதுகளில் அதைத் திரும்ப எழுப்பியவர்களின் பின்னணி வேறு மாதிரி. பிட்ஸ்பர்க்கின் கஸ் கிரீன்லீ, சட்டவிரோத நம்பர் லாட்டரி நடத்தியவர். மக்கள் மூன்று இலக்க எண்ணின் மேல் சில்லறைக் காசு கட்டுவார்கள், அந்தப் பணம் அவரிடம் சேரும். இதைச் சொல்லி அந்த லீக்கை இழிவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். கறுப்பர் ஒருவருக்கு வங்கி பெரிய கடன் கொடுக்காத காலத்தில், அந்த அளவு ரொக்கம் கறுப்பினக் குடியிருப்பில் வேறு யாரிடம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் போதும். கிரீன்லீ அந்தப் பணத்தில் 1932ல் தன் அணிக்கென்று சொந்த மைதானம் கட்டினார், 1933ல் இரண்டாவது நீக்ரோ நேஷனல் லீக்கைத் தொடங்கினார். அவருடைய பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணியில் சேச்சல் பேஜ், ஜோஷ் கிப்சன், கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன் நால்வரும் ஒன்றாக ஆடினார்கள். நால்வருமே பின்னாளில், பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர்கள்.

அந்த ஆண்டே இன்னொன்றும் தொடங்கியது, ஈஸ்ட் வெஸ்ட் ஆட்டம். சிகாகோவின் கமிஸ்கி பார்க்கில் ஆண்டுதோறும் நடக்கும், கிழக்கு அணிகளின் நட்சத்திரங்களுக்கும் மேற்கு அணிகளின் நட்சத்திரங்களுக்கும் இடையே. யார் யார் ஆட வேண்டும் என்று சிகாகோ டிஃபென்டர், பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பினப் பத்திரிகைகள் மூலம் வாசகர்களே வாக்களித்தார்கள். தெற்கில் பல மாநிலங்களில் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்கள் இந்த வாக்குச் சீட்டைப் போட்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. 1943ல் அந்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் 51,723 பேர். நல்ல உடை உடுத்தி, தொப்பி வைத்து, திருவிழாவுக்குப் போவதுபோலப் போனார்கள். கேன்சஸ் சிட்டியில் மொனார்க்ஸ் ஆடும் ஞாயிறுகளில் தேவாலயங்கள் ஆராதனையை முன்கூட்டியே முடித்தன.

மொனார்க்ஸ் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதன் முதலாளி ஜே.எல். வில்கின்சன் வெள்ளைக்காரர், ஃபாஸ்டர் லீக் தொடங்கியபோது அதிலிருந்த ஒரே வெள்ளை முதலாளி. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் எப்படி ஆட்டம் பார்ப்பார்கள் என்று யோசித்து, 1930ல் லாரிகளில் விளக்குக் கம்பங்களையும் ஒரு பெரிய ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போய் ராத்திரி ஆட்டம் நடத்தினார். மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் நடந்தது 1935ல்தான், சின்சினாட்டியில். ஜெனரேட்டர் இரைச்சலில் பேச்சே கேட்காது, வெளிச்சம் ஏறி இறங்கும், உயரப் போன பந்து இருட்டில் மறையும். ஆனால் டிக்கெட் விற்றது, பொருளாதார வீழ்ச்சியில் அந்த அணி பிழைத்தது.

லீக் ஆட்டங்கள் மட்டும் ஆடி யாராலும் சாப்பிட முடியாது, அதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு சீசனில் கணக்கில் வரும் லீக் ஆட்டங்கள் அறுபது எழுபது இருக்கும், பல சமயம் அதற்கும் குறைவு. மற்ற நாட்களெல்லாம் சின்ன ஊர் அணிகள், ஆலை அணிகள், வெள்ளை மேஜர் லீக் ஆட்டக்காரர்கள் சீசன் முடிந்தபின் சேர்க்கும் அணிகள் என்று யார் கூப்பிட்டாலும் போய் ஆட வேண்டும். ஞாயிறு என்றால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம், சில நாள் மூன்று. குளிர்காலத்தில் கியூபா, போர்ட்டோ ரீக்கோ, மெக்சிகோ. அந்த நாடுகளில் எந்த ஹோட்டலிலும் தங்கலாம், எந்தக் கடையிலும் சாப்பிடலாம். 1937ல் டொமினிக்கன் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் பெயர் சூட்டிய அணிக்காக பேஜ், கிப்சன், பெல் எல்லோரும் கிளம்பிப் போனார்கள், கிரீன்லீயின் அணி அதோடு சிதறியது.

சொந்த நாட்டில் பஸ்தான் வீடு. தெற்கு மாநிலங்களில் ஆட்டம் முடிந்து குளிக்க இடம் கிடைக்காது, ஹோட்டல் அறை தராது, உணவகத்தில் பின்வாசல் வழியாகப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போய் பஸ்ஸில் சாப்பிட வேண்டும். கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் பஸ் சீட்டிலேயே தூக்கம், விடிந்தால் அடுத்த ஊர். பின்னாளில் ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) சாதனை படைத்த ஹென்றி ஏரன், 1952ல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியோடு வாஷிங்டனில் ஒரு உணவகத்தில் சாப்பிட்டதை நினைவுகூர்ந்திருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும், அவர்கள் சாப்பிட்ட தட்டுகளை உள்ளே சமையலறையில் போட்டு உடைக்கும் சத்தம் கேட்டதாம். நாய்கள் சாப்பிட்டிருந்தால் கழுவியாவது வைத்திருப்பார்கள் என்றார் அவர். நாட்டின் தலைநகரத்தில், பதினெட்டு வயதுப் பையனுக்கு நடந்தது இது.

இன்னொன்று, மொனார்க்ஸ் அணியின் பக் ஓ'நீல் பல இடங்களில் சொன்னது. ஓக்லஹோமாவின் மஸ்கோகீயில் ஒரு பெட்ரோல் பங்க். அணி பஸ் வழக்கமாக அங்கேதான் டீசலோ பெட்ரோலோ நிரப்பும், ஆனால் கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள். 1945ல் அணிக்குப் புதிதாக வந்த ஜாக்கி ராபின்சன் இறங்கிக் கழிப்பறைக்கு நடந்தார், பங்க்காரர் தடுத்தார். அப்படியானால் குழாயை எடுத்துவிடு, எங்களுக்கு உன் எண்ணெய் வேண்டாம் என்றார் ராபின்சன். அவ்வளவு பெரிய டேங்க், அவ்வளவு பெரிய வியாபாரம். பங்க்காரர் யோசித்தார், கழிப்பறைக்குப் போகச் சொன்னார். அதன்பிறகு மொனார்க்ஸ், கழிப்பறை கிடைக்காத இடத்தில் எரிபொருள் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டது. ராபின்சன் அந்த லீக்கில் ஆடியது ஒரே சீசன். அந்தப் பயணங்கள், சரியாக எழுதாத ஒப்பந்தங்கள், ஒழுங்கற்ற அட்டவணை எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை, பின்னால் வெளிப்படையாகவே எழுதினார்.

இங்கே பணக் கணக்கு ஒன்று. கறுப்பின அணிகள் பெரிய நகரங்களில் ஆடியது பெரும்பாலும் வெள்ளை அணிகளின் மைதானங்களில், வாடகைக்கு. வாஷிங்டன் அணி ஊரில் இல்லாத நாட்களில், கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி அந்த மைதானத்தை நிரப்பியது. 1946ல் மேஜர் லீக் முதலாளிகளுக்காகத் தயாரான ஓர் உள் அறிக்கையில், நியூயார்க் யாங்கீஸ் நிறுவனம் தன் மைதானங்களைக் கறுப்பின அணிகளுக்கு விடுவதில் ஆண்டுக்கு ஏறக்குறைய 100,000 டாலர் சம்பாதிப்பதாக எழுதியிருந்தது. கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்த்தால் அந்த லீக்குகள் படுத்துவிடும், வாடகை வருமானம் போகும் என்பதும் அதில் ஒரு வாதம். அதாவது, உள்ளே விடாததற்கு வெறுப்பு ஒரு காரணம் என்றால், வெளியே வைத்திருப்பதில் லாபம் இன்னொரு காரணம்.

ஆனால் இரண்டாம் உலகப் போர் எல்லாவற்றையும் அசைத்துவிட்டது. நாட்டுக்காகச் சாகலாம், பந்து அடிக்கக் கூடாதா என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் எழுதினார்கள். பிட்ஸ்பர்க் கூரியரின் வென்டெல் ஸ்மித், பால்டிமோரின் சாம் லேசி ஆகியோர் வருடக்கணக்கில் முதலாளிகளின் கதவைத் தட்டினார்கள். ஸ்மித் ஏற்பாட்டில்தான் 1945 ஏப்ரலில் ராபின்சன் உட்பட மூன்று பேரை பாஸ்டன் ரெட் சாக்ஸ் சோதித்துப் பார்த்தது, பிறகு பேச்சே இல்லை. அந்த அணியில் ஒரு கறுப்பர் ஆடியது 1959ல், மேஜர் லீக்கிலேயே கடைசி அணியாக.

புரூக்ளின் டாட்ஜர்ஸின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி 1945 ஆகஸ்டில் ராபின்சனைக் கூப்பிட்டுப் பேசினார், அக்டோபர் 23ல் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. ரிக்கி செய்தது பெரிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மொனார்க்ஸ் அணிக்கு அவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. அந்த லீக்குகள் முறையான லீக்குகளே இல்லை, மோசடிக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நிற்பவை, மதிக்க வேண்டிய ஒப்பந்தம் எதுவும் அவர்களிடம் கிடையாது என்று சொன்னார். ராய் கேம்பனெல்லாவைப் பால்டிமோரிலிருந்தும், டான் நியூகோம்பை நியூவர்க்கிலிருந்தும் அதே மாதிரி எடுத்துக்கொண்டார். ஒரு வெள்ளை அணியிடமிருந்து ஆட்டக்காரரை எடுத்தால் விலை கொடுக்காமல் எடுக்க முடியாது. இங்கே முடிந்தது. முதலாளிகளோ வாயைத் திறக்க முடியாத நிலையில் இருந்தார்கள். பணம் கேட்டு முரண்டு பிடித்தால், சொந்த இனத்தின் முன்னேற்றத்துக்கே குறுக்கே நிற்கிறார்கள் என்று தங்கள் பத்திரிகைகளும் தங்கள் ரசிகர்களுமே திட்டுவார்கள்.

வாயைத் திறந்தவர் ஒரு பெண். எஃபா மேன்லி, கணவரோடு சேர்ந்து நியூவர்க் ஈகிள்ஸ் அணியை நடத்தியவர். சம்பளம், பயணம், விளம்பரம், ஒப்பந்தம் எல்லாம் அவர் கையில். கறுப்பர்களை அடித்துக் கொல்லும் கும்பல் கொடுமைக்கு எதிராக ஆட்ட நாளில் நிதி திரட்டியவர். அவருடைய ஈகிள்ஸ் 1946ல் மொனார்க்ஸை 4க்கு 3 என்று வென்று, கறுப்பின லீக்குகளின் இறுதிப் போட்டித் தொடரான நீக்ரோ வேர்ல்ட் சீரீஸ் பட்டம் பெற்றது. அடுத்த வருடம் கிளீவ்லண்ட் முதலாளி பில் வீக் அவருடைய லேரி டோபியைக் கேட்டபோது, இவன் வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் நீங்கள் 100,000 டாலர் கொடுத்திருப்பீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, 15,000 டாலருக்குச் சம்மதித்தார். மான்டி இர்வினை ரிக்கி சும்மா எடுக்கப் பார்த்தபோது வக்கீல் வைத்தார், ரிக்கி விலகினார், பின்பு நியூயார்க் ஜயன்ட்ஸ் 5,000 டாலர் கொடுத்தது. குறைந்த விலைதான். ஆனால் இது எங்கள் சொத்து, நாங்கள் உருவாக்கிய ஆட்டக்காரர், விலை உண்டு என்று ஒருவர் எழுதி வாங்கினார். 2006ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான எஃபா மேன்லிதான் இன்றுவரை அதில் இருக்கும் ஒரே பெண்.

அப்புறம் சரிவு வேகமாக வந்தது. ஈகிள்ஸ் ஆட்டங்களுக்கு 1946ல் சுமார் 120,000 பேர் வந்தார்கள், ராபின்சன் டாட்ஜர்ஸில் ஆடத் தொடங்கிய 1947ல் பாதியாகக் குறைந்துபோனது. நியூவர்க்கிலிருந்து புரூக்ளின் பக்கம்தான், ரயில் ஏறினால் ராபின்சனைப் பார்க்கலாம். யாரையும் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்பேன். 1948 சீசனோடு நீக்ரோ நேஷனல் லீக் மூடப்பட்டது. கடைசி நீக்ரோ வேர்ல்ட் சீரீஸில் ஹோம்ஸ்டெட் கிரேஸ், பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸை வென்றது. தோற்ற அணியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் சென்டர் ஃபீல்டில் நின்றான், வில்லி மேஸ்.

மேஸ், ஏரன், எர்னி பேங்க்ஸ் போல இளைஞர்கள் மேலே போனார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய நல்ல ஆட்டக்காரர்களைப் பெரும்பாலும் யாரும் தொடவில்லை. பேஜ் விதிவிலக்கு, 42 வயதில் 1948ல் கிளீவ்லண்டுக்காக அறிமுகமாகி அந்த வருடமே சாம்பியன் அணியில் இருந்தார். மேனேஜர்கள்? இருபது முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மேஜர் லீக்கில் முதல் கறுப்பின மேனேஜர் வந்தது 1975ல், ஃபிராங்க் ராபின்சன். ஜாக்கி ராபின்சன் களம் இறங்கி 28 வருடம் கழித்து. அணி முதலாளிகளில் ஒருவரைக்கூட உள்ளே சேர்க்கவில்லை, ஒரு கறுப்பின அணியையாவது முழு அணியாக மேஜர் லீக்கில் சேர்க்கலாமே என்று யாரும் தீவிரமாக எடுத்துப் பேசவும் இல்லை. டிக்கெட் கிழித்தவர், அணிச் செயலாளர், அணி தங்கும் ஹோட்டல், ஆட்டம் முடிந்து கூட்டம் நிறையும் உணவகம் எல்லாம் அந்தந்தக் குடியிருப்போடு போயின. பிரிவினை தொடர்ந்திருக்க வேண்டும் என்று எந்த மனிதனும் சொல்ல மாட்டான். ஆனால் ஒன்று சேர்வதற்கு இது ஒன்றுதான் வழியா, சேர்ந்தபோது ஒரு தரப்பு தன் எல்லாவற்றையும் இழந்துதான் ஆக வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை இயங்கிய ஏழு கறுப்பின லீக்குகளும் மேஜர் லீக்குகளே என்று மேஜர் லீக் நிர்வாகம் அறிவித்தது. சுமார் 3,400 ஆட்டக்காரர்கள் அதில் அடங்குவார்கள். அதன் தொடர்ச்சிதான் 2024ல் கிப்சனின் பெயர் மேலே வந்தது. உடனே சண்டையும் வந்தது. அறுபது ஆட்ட சீசனை 154 ஆட்ட சீசனோடு எப்படி ஒப்பிடுவது, எதிரணிகளின் தரம் ஒன்றா என்று கேட்டார்கள். முதல் கேள்வி நியாயம்தான், குறைந்த ஆட்டங்களில் சராசரி மேலேயும் கீழேயும் அதிகம் ஆடும். இரண்டாவது கேள்வியை இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கிப்சன் அன்றைய வெள்ளைப் பிட்சர்களை லீக் ஆட்டத்தில் சந்திக்கவில்லை, உண்மை. பேப் ரூத்தும் டை காபும் லீக் ஆட்டத்தில் சேச்சல் பேஜைச் சந்திக்கவில்லையே. அவர்கள் எண்களுக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் யாரும் சந்தேகம் சொல்லும் நட்சத்திரக் குறி போடவில்லை.

இந்த எண்கள் கிடைத்த விதத்தையும் சொல்ல வேண்டும். லீக் அலுவலகங்களில் ஒழுங்கான பதிவேடுகள் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் கறுப்பினப் பத்திரிகைகளின் பழைய இதழ்களையும் சின்ன ஊர்ச் செய்தித்தாள்களையும் மைக்ரோஃபிலிமில் பக்கம் பக்கமாகத் தேடி, ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையாகச் சேர்த்தார்கள். அதிலும் லீக் ஆட்டங்கள் மட்டும் கணக்கில் வரும், ஊர் ஊராக ஆடியவை வராது. ஹால் ஆஃப் ஃபேமில் கிப்சனின் பலகையில் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று பொறித்திருக்கிறது, அதிகாரபூர்வ பட்டியலில் 200கூட இல்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம், மீதியை அடித்தது ஆலை மைதானங்களிலும் சோளக்காட்டு ஓரங்களிலும். 1920க்கும் 1948க்கும் இடையில் நடந்த லீக் ஆட்டங்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்குக்குத்தான் ஸ்கோர் அட்டை கிடைத்திருக்கிறது. மீதிக்கான தேடல் இன்னும் நடக்கிறது. ஏதோ ஒரு ஊர் நூலகத்தில் யாரும் புரட்டாத ஒரு செய்தித்தாள் கிடைத்து, அதில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் ஆடிய ஒரு செவ்வாய்க்கிழமை ஆட்டம் முழுதாக அச்சாகியிருந்தால், கிப்சனின் .372 நாளைக்கே ஒரு புள்ளி ஏறும், அல்லது இறங்கும்.